டிராக் காருக்கு விங், ஸ்ப்ளிட்டர், டிஃப்யூசர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒரு சொல் பிரச்சினையைத் தீர்த்துவிடுவோம். தமிழில் எழுதினால் கார் ஓடும் தளமும் டிராக், காற்று காரைப் பின்னால் பிடித்து இழுப்பதும் டிராக். படிக்கிறவருக்குத் தலை சுற்றும். அதனால் இங்கே டிராக் என்றால் ஓடுதளம் மட்டும்தான், காற்று இழுப்பதை இழுவை என்றே எழுதுகிறேன். டவுன்ஃபோர்ஸ் என்பது ஓடும் காரைக் காற்று தரையோடு அழுத்தும் விசை. அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன், சில இடங்களில் அழுத்தம் என்றும் வரும். அழுத்தத்தைக் கிலோவில் சொல்லியிருப்பது பழக்கத்துக்காக.

டவுன்ஃபோர்ஸ் என்பது காரில் எடை ஏற்றுவது மாதிரிதானே? டிக்கியில் இரண்டு மணல் மூட்டை போட்டால் போதாதா?

போதாது. மூட்டை போட்டால் டயர் மேல் பாரம் கூடும், பிடிப்பும் கூடும், ஆனால் வளைவில் திருப்ப வேண்டிய, பிரேக்கில் நிறுத்த வேண்டிய நிறையும் சேர்ந்தே கூடிவிடுகிறது. மொத்தத்தில் நஷ்டம்தான். காற்றின் அழுத்தம் டயரை மட்டும் அமுக்குகிறது, கார் அதே 1,200 கிலோ காராகவே இருக்கிறது. பிடிப்பு மட்டும் தனியாக ஏறுவதால்தான் வளைவில் வேகம் கூடுகிறது.

எந்த வேகத்திலிருந்து வேலை செய்யும்?

எல்லா வேகத்திலும் வேலை செய்யும், ஆனால் வேகத்தின் வர்க்கப்படி. 100 கிமீ வேகத்தில் 50 கிலோ அழுத்தம் தரும் அமைப்பு 200 கிமீயில் 200 கிலோ தரும். அதே அமைப்பு 60 கிமீயில் 18 கிலோதான். 1,200 கிலோ காரில் 18 கிலோவை உங்கள் கை கால் எதுவும் உணராது. 150 கிமீ வளைவில் கதை வேறு. அங்கே கிட்டத்தட்ட 112 கிலோ, அதாவது டயர் மேல் 9 சதவீதத்துக்கு மேல் கூடுதல் பாரம். பாரம் ஏறுகிற அளவுக்கே டயரின் பிடிப்பு ஏறாது, கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும். வளைவு வேகம் வேறு பிடிப்பின் வர்க்கமூலத்தோடு போகிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் 150-க்குப் பதிலாகத் தோராயமாக 155, 156-இல் அதே வளைவை எடுக்கலாம். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அந்த 5 கிமீ அடுத்த நேர்ப்பாதை முழுக்க உங்களோடு வரும்.

உங்கள் டிராக்கில் எல்லா வளைவும் 80 கிமீக்குக் கீழே என்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நல்ல டயர் வாங்குங்கள். கேலிக்குச் சொல்லவில்லை.

இழுவை எவ்வளவு குதிரைத்திறனைத் தின்னும்?

இழுவை விசையும் வேகத்தின் வர்க்கப்படிதான், ஆனால் அதை எதிர்த்து ஓட வேண்டிய திறன் வேகத்தின் கனப்படி ஏறும். இழுவைக் குணகம், அதாவது காரின் வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கிறது என்ற எண், 0.35, முன்பக்கப் பரப்பு 2 சதுர மீட்டர் உள்ள கார் காற்றைக் கிழிக்க மட்டும் 100 கிமீயில் ஏறக்குறைய 12 குதிரைத்திறன் செலவழிக்கிறது. 200 கிமீயில் 100, 250 கிமீயில் 195. இப்போது பின்னால் தனியாக நிற்கும் விங்கும், முன் பம்பருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டான ஸ்ப்ளிட்டரும் சேர்ந்து குணகத்தை 0.40 ஆக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 கிமீயில் இரண்டு குதிரைத்திறன்கூட நஷ்டமில்லை, 200-இல் 14 போகும், உச்ச வேகம் சுமார் 4 சதவீதம் இறங்கும். பெரும்பாலான டிராக்குகளில் சுமாரான திறன் உள்ள கார் அதன் உச்ச வேகத்தைத் தொடவே தொடாது, அதனால் இந்த வியாபாரம் பொதுவாக லாபம்தான். மிக நீண்ட நேர்ப்பாதையும் திறன் குறைந்த இன்ஜினும் சேர்ந்தால் மட்டும் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

கம்பெனியிலிருந்து வரும்போதே ஸ்போர்ட்ஸ் காரில் டவுன்ஃபோர்ஸ் இருக்காதா?

பெரும்பாலானவற்றில் இருக்காது. காரின் மேல்பக்கம் வளைந்தும் அடிப்பக்கம் தட்டையாகவும் இருப்பதால், வேகத்தில் லேசாக மேலே தூக்கும் சுபாவம்தான் இயல்பு. 1998-இல் வந்த முதல் ஆடி டிடி இதற்குப் பேர்போன உதாரணம். அதிவேகத்தில் பின்பக்கம் நழுவி விபத்துகள் நடந்த பிறகு, விற்ற கார்களைத் திரும்ப அழைத்துப் பின்னால் ஒரு சின்ன ஸ்பாய்லரும் சஸ்பென்ஷன் மாற்றங்களும் செய்தார்கள். மறுமுனையில், 2022-இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் 200 கிமீயில் 409 கிலோவும் 285 கிமீயில் 860 கிலோவும் தருவதாக அந்த நிறுவனமே சொல்கிறது. உங்கள் கார் அனேகமாக முதலாவதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் மேம்பாட்டின் முதல் பாதி அழுத்தத்தைக் கூட்டுவது அல்ல, தூக்கலை ஒழிப்பது.

காசு குறைவு. முதலில் பின் விங் மட்டும் போட்டுவிட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். ஏனென்றால் நான் அதைத்தான் செய்தேன். பெரிய விங் ஒன்றை வாங்கி, டிக்கி மூடி மேல் பூட்டி, பின்பக்கம் பாறை மாதிரி நிற்கிறது என்று சந்தோஷப்பட்டு ஓட்டினேன். மெதுவான வளைவுகளில் ஒரு மாற்றமும் இல்லை. வேகமான வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் மூக்கு வெளியே வெளியே போகிறது. டயரின் காற்றழுத்தத்தை மாற்றினேன், கேம்பரை, அதாவது சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்தை, மாற்றினேன், என்னையே திட்டிக்கொண்டேன். லேப் நேரம் முன்பைவிட மோசம்.

காரணம் சீசா பலகைக் கணக்கு. விங் பின் அச்சுக்கு மேல் நேராக இல்லை, அதற்கும் பின்னால் தொங்குகிறது. முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர், விங் பின் அச்சிலிருந்து அரை மீட்டர் பின்னால், அது தரும் அழுத்தம் 100 கிலோ என்று வையுங்கள். பின் டயர்களுக்கு 120 கிலோ போகிறது. அந்தக் கூடுதல் 20 கிலோ முன் டயர்களிலிருந்து பிடுங்கியது. அதோடு முடிவதில்லை, விங்கின் இழுவை தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் 20 கிலோவாகப் பின்னால் இழுத்தால் அதுவும் காரைப் பின்னால் சாய்க்கப் பார்க்கும், இன்னொரு 10 கிலோ முன்னாலிருந்து காணாமல் போகும். ஏற்கெனவே காற்று முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருக்கும் காரில் இன்னும் 30 கிலோ போனால் மூக்கு எப்படித் திரும்பும்?

ஆக, முன்னும் பின்னும் சேர்ந்தே வர வேண்டும். காசு இல்லையென்றால் இரண்டையும் சின்னதாகப் போடுங்கள், முன்னால் பம்பருக்குக் கீழே காற்றைத் தடுக்கும் ஒரு ஏர் டேம், பின்னால் ஒரு ஸ்பாய்லர். ஸ்ப்ளிட்டர் மட்டும் போடுவது இதைவிட ஆபத்து. அங்கே வேகத்தில் பின்பக்கம் லேசாகி, திடீரென்று வால் வெளியே வரும், அதுவும் அதிவேக வளைவில்தான் வரும்.

முன் பின் சமநிலை எவ்வளவு இருக்க வேண்டும்?

நின்றிருக்கும் காரின் எடைப் பங்கீட்டிலிருந்து தொடங்குங்கள். முன் அச்சில் 54 சதவீத எடை இருந்தால், மொத்த டவுன்ஃபோர்ஸில் முன் அச்சுக்குக் கிடைப்பது அதற்குச் சமமாகவோ சில புள்ளிகள் குறைவாகவோ இருக்கட்டும். நான் குறைவாகத்தான் வைப்பேன். வேகம் ஏற ஏறக் கார் லேசான அண்டர்ஸ்டியர் பக்கம், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்கு மூக்கு திரும்பாத பக்கம், போனால் பயந்து காலை எடுத்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். தொழில்முறை ஓட்டுநர் வேறு மாதிரி கேட்பார், அவர் கேட்கட்டும்.

சோதித்துப் பார்க்கும் வழி எளிது. மெதுவான வளைவில் கார் எப்படி நடந்துகொள்கிறது, வேகமான வளைவில் எப்படி? இரண்டிலும் அண்டர்ஸ்டியர் என்றால் சஸ்பென்ஷனையோ டயரையோ பாருங்கள். வேகமானதில் மட்டும் என்றால் காற்றுதான் காரணம், விங் கோணத்தை ஒரு டிகிரி இறக்குங்கள்.

ஸ்ப்ளிட்டர் எப்படி வேலை செய்கிறது? பிளைவுட்டில் செய்யலாமா?

பம்பருக்கு முன்னால் தேங்கும் காற்று ஸ்ப்ளிட்டரின் மேல்தட்டை அமுக்குகிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் விளக்கம். தப்பில்லை, ஆனால் பாதிதான். பெரிய பங்கு அடியில் இருக்கிறது. ஸ்ப்ளிட்டருக்கும் தரைக்கும் நடுவே நுழையும் காற்று வேகமெடுத்து, காற்றழுத்தம் குறைந்து, தட்டைக் கீழே உறிஞ்சுகிறது. அதனால் முன்னால் எத்தனை மில்லிமீட்டர் நீட்டுகிறீர்கள் என்பதைவிட, பின்னால் முன் அச்சு வரைக்கும் தட்டை எப்படிக் கொண்டுபோகிறீர்கள், காற்று எங்கே வெளியேறுகிறது என்பதுதான் முக்கியம். ஸ்ப்ளிட்டரின் பின் முனையில், சக்கரங்களுக்கு முன்னால், மேல்நோக்கி வளைந்த சின்ன டிஃப்யூசர் வைத்தால் அடியில் காற்று இன்னும் வேகமாக ஓடும்.

பிளைவுட் தாராளமாகப் போதும், 12 மிமீ நல்ல தரம். பல பந்தயக் கார்களிலும் பார்க்கலாம். இடிந்தால் ஒரு மாலையில் வேறு அறுத்துக்கொள்ளலாம், அலுமினியமும் கார்பனும் அப்படி மன்னிக்காது. பூட்டும் விதம்தான் எல்லாம். பம்பரின் பிளாஸ்டிக்கில் திருகினால் வேகத்தில் பம்பரோடு சேர்ந்து வளைந்துவிடும், சேஸியோடு இணைக்க வேண்டும். என் சோதனை ஒன்றுதான், அதன் மேல் ஏறி நிற்பேன். நான் நின்று அசையவில்லை என்றால் டிராக்குக்குப் போகும்.

தரையிலிருந்து உயரத்தைக் குறைக்கக் குறைக்க உறிஞ்சல் கூடும், ஆனால் ஒரு எல்லை வரைக்கும்தான். மிகவும் தாழ்ந்தால் காற்று நுழைய இடமில்லாமல் திணறி, அழுத்தம் சட்டென்று போய்விடும். பிரேக் பிடித்து மூக்கு இறங்கும்போது இப்படி நடந்தால் கார் ஒரு நொடி ஒன்று, அடுத்த நொடி வேறொன்று.

ஸ்பாய்லரா விங்கா?

ஸ்பாய்லர் காரின் உடம்போடு ஒட்டியது. பின்பக்கத்தில் இறங்கிவரும் காற்றைத் தடுத்து, அதற்கு முன்னால் காற்றழுத்தத்தை ஏற்றித் தூக்கலைக் குறைக்கும். 1972-இல் வந்த போர்ஷே 911 கரேரா ஆர்எஸ்ஸின் வாத்து வால் இதுதான். அளவாக வைத்தால் இழுவை அதிகமாக வேண்டும் என்றுகூட இல்லை. விங் தனியாக நிற்கும், மேலும் கீழும் காற்று ஓட வேண்டும், அதன் வேலையில் பெரும்பங்கு கீழ்ப்பரப்பில் நடக்கும் உறிஞ்சல். அதனால்தான் இப்போதெல்லாம் விங்கை மேலேயிருந்து கொக்கி மாதிரித் தொங்கவிடும் அன்னக்கழுத்துத் தாங்கிகள் வந்திருக்கின்றன, கீழ்ப்பரப்பு தடையில்லாமல் கிடைக்கும். அதிக அழுத்தம் வேண்டுமென்றால் விங், தூக்கலை ஒழித்தால் போதுமென்றால் ஸ்பாய்லர்.

விங்கை எங்கே, எத்தனை டிகிரியில் வைப்பது?

உயரம் கூரை மட்டத்துக்குப் பக்கத்தில், பின்னால் எவ்வளவு தள்ளினால் சுத்தமான காற்று கிடைக்குமோ அங்கே. ரொம்பத் தள்ளினால் மேலே சொன்ன சீசா கணக்கு கடிக்கும்.

கோணத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தரையை வைத்து அளந்து 10 டிகிரி என்று வைக்கிறார்கள், ஆனால் கூப்பே காரின் சரிந்த கூரையிலிருந்து காற்று சரிந்து கீழ்நோக்கி வருகிறது. காற்று 8 டிகிரி இறங்கி வந்தால் விங்கின் நடுப்பகுதி உண்மையில் 18 டிகிரியில் நிற்கிறது, அனேகமாக ஸ்டால் ஆகிவிட்டது, அதாவது கீழ்ப்பரப்பிலிருந்து காற்று பிரிந்து அழுத்தம் போய் இழுவை மட்டும் மிச்சம். ஓரங்களில் காற்று நேராக வருவதால் அங்கே மட்டும் வேலை நடக்கும். சில விங்குகள் நடுவில் ஒரு கோணம், ஓரத்தில் ஒரு கோணம் என்று முறுக்கியிருப்பது இதற்காகத்தான். நேரான விங் என்றால் 2, 3 டிகிரியில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் பின் விளிம்பில் செங்குத்தாக ஒரு சின்னப் பட்டை, கர்னி ஃபிளாப். 1971-இல் டான் கர்னி தன் பந்தயக் காரில் வைத்துப் பார்த்தது. விங்கின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை 250 மிமீ என்றால் 3 முதல் 5 மிமீ உயரம் போதும்.

பம்பருக்கு அடியில் ஒட்டும் டிஃப்யூசர் வேலை செய்யுமா?

பார்க்க அழகாக இருக்கும். டிஃப்யூசர் என்பது காரின் அடியில் ஓடும் காற்று மெல்ல விரிந்து வேகம் குறைந்து வெளியேறும் பாதை. அதற்கு முன்னால் தட்டையான, சுத்தமான அடித்தட்டு இருந்தால்தான் விரிவதற்குக் காற்று ஒழுங்காக வந்துசேரும். சைலன்சரும் குழாய்களும் கலக்கிய காற்றை வாங்கிக்கொண்டு எந்த டிஃப்யூசரும் ஒன்றும் செய்ய முடியாது. ஒழுங்காகச் செய்தால் இதைவிட லாபமானது எதுவும் இல்லை, அழுத்தத்துக்கு இவ்வளவு குறைந்த இழுவை விலை வேறெங்கும் கிடையாது. 1978-இல் லோட்டஸ் 79 காரில் மரியோ ஆண்ட்ரெட்டி உலகப் பட்டம் வென்றது இந்த அடிப்பக்கக் காற்றின் தயவில்தான். 1983-இல் ஃபார்முலா ஒன்னில் தட்டையான அடித்தளத்தைக் கட்டாயமாக்கும் அளவுக்குப் போனது. உங்கள் காருக்கு 7 முதல் 10 டிகிரி வரைச் சரிவு வையுங்கள். ஆசைப்பட்டு 20 வைத்தால் காற்று டிஃப்யூசரின் மேல்தட்டை விட்டுப் பிரிந்துவிடும்.

கனார்ட், கூரை மேல் வரிசையாக ஒட்டும் குட்டிப் பற்கள்?

கனார்ட், அதாவது முன் பம்பரின் ஓரங்களில் ஒட்டும் சின்னச் சிறகு, கடைசி நேரச் சமநிலைத் திருத்தத்துக்கு உதவும், இழுவை அதிகம். கூரைப் பற்கள் பின் கண்ணாடியில் காற்று பிரிகிற கார்களில் பயன்படலாம், பிரியாத காரில் வீண். ஸ்டிக்கர் மாதிரி கண்ட இடத்தில் ஒட்டாதீர்கள்.

இழுவையை மட்டும் குறைக்க வழி உண்டா?

ரேடியேட்டரில் தொடங்குங்கள். முன் கிரில்லில் நுழையும் காற்றில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குள் போகாமல் ஓரத்து இடைவெளிகளில் ஒழுகிப்போகிறது. நுரைப்பட்டை வைத்து அடைத்தால் இன்ஜினும் குளிரும், திறப்பையும் சின்னதாக்கலாம். அந்தக் காற்றை இன்ஜின் அறைக்குள் விட்டால் அது அடியில் இறங்கி முன்பக்கத்தைத் தூக்கும், பானட்டில் ரேடியேட்டருக்குப் பின்னால் வழி வெட்டி மேலே விட்டால் ஒரே வெட்டில் தூக்கலும் வெப்பமும் குறையும். பானட்டின் பின்னோரத்தைத் தூக்கி வைப்பது இதற்குச் சமமில்லை. கண்ணாடிக்கு முன்னால் காற்றழுத்தம் அதிகம், காற்று உள்ளேதான் வரப் பார்க்கும்.

ஜன்னல் கண்ணாடிகளை இறக்கி ஓட்டுவது இழுவையைக் கூட்டுவதோடு விங்குக்குப் போகும் காற்றையும் கலக்கும். பல டிராக்குகளில் இறக்கித்தான் ஆக வேண்டும் என்பது விதி, அப்போது மற்றவர் ஜன்னல் மூடி அளந்த எண்ணை நம்பாதீர்கள்.

ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா?

அழுத்தம் 100 கிலோவைத் தாண்டினால் ஆமாம், பெரும்பாலும். மென்மையான ஸ்பிரிங்கில் வேகம் ஏறக் கார் தாழும், மூக்கு ஏறி இறங்கும், அதனோடு சமநிலையும் ஆடும். மூக்கு தூக்கும் பக்கம் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1999 லெ மான்ஸ் பந்தயத்தில் மெர்சிடிஸ் சிஎல்ஆர் கார்கள் மேட்டில் ஏறும்போது அடியில் காற்று புகுந்து அந்தரத்தில் பறந்து கவிழ்ந்ததே சாட்சி. உங்கள் கார் பறக்காது, ஆனால் தத்துவம் அதுதான்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? காற்றுச் சுரங்கத்துக்குப் போக வழியில்லை.

கம்பளி நூலை விரல்நீளத் துண்டுகளாக வெட்டி விங்கின் கீழ்ப்பரப்பு, பின் கண்ணாடி, டிஃப்யூசர் என்று டேப்பால் ஒட்டுங்கள். பக்கத்துக் காரிலிருந்தோ சின்ன கேமராவிலோ படம் எடுங்கள். நூல் நேராகப் படுத்திருந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது, சுழன்று துடித்தால் பிரிந்துவிட்டது.

எண் வேண்டுமென்றால் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்று அளக்கும் சென்சார். சக்கரத்தில் 1 மிமீ அமுக்க 5 கிலோ தேவை என்றால் ஒரு அச்சுக்கு 10 கிலோ. நேர்ப்பாதையில் நிலையான 160 கிமீயில் 8 மிமீ இறங்கியிருந்தால் 80 கிலோ. டேம்பர் (ஷாக் அப்சார்பர்) தண்டில் ரப்பர் வளையம் மாட்டி அளக்கும் குறுக்குவழி இங்கே உதவாது, டிராக் ஓரத்து முதல் கர்ப் மேல் ஏறியதும் வளையம் கடைசி வரை போய்விடும்.

இழுவைக்கு, 150 கிமீயில் நியூட்ரலில் விட்டு 100-க்கு இறங்க எத்தனை நொடி என்று பாருங்கள், இரு திசையிலும். ஒன்றை மாற்றி அளந்த பிறகு பழையபடி மாற்றி இன்னொரு தடவை அளக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். காலையில் ஒரு காற்று, மதியம் ஒரு காற்று, டயர் வேறு தேய்ந்துகொண்டே இருக்கும். லேப் நேரம் மட்டும் பார்த்தால் உங்கள் தைரியம் கூடியதா அழுத்தம் கூடியதா என்று பிரிக்க முடியாது.

கழன்று விழுந்தால்?

1969 ஸ்பானிய கிராண்ட் பிரீயில், மொன்ஜுயிக் டிராக்கில், கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களிலும் உயரமான விங்குகள் முறிந்து இருவரும் மோதினார்கள். அடுத்த மொனாக்கோ பந்தயத்திலேயே உயர விங்குகளுக்குத் தடை வந்தது. டிக்கி மூடியின் மெல்லிய தகட்டில் பூட்டிய விங் 200 கிமீயில் 150 கிலோ தாங்குமா என்று கேட்டுப் பாருங்கள். அடியில் தகடு வைத்துப் பரப்பியோ, நேராகச் சேஸிக்கோ பூட்டுங்கள். வீட்டிலேயே மணல் மூட்டைகளை விங் நெடுகப் பரப்பி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு செஷனுக்கும் பிறகு எல்லா போல்ட்டையும் கையால் தொட்டுப் பார்ப்பேன், பெயின்ட் கோடு போட்டு வைத்தால் திரும்பியது உடனே தெரியும்.

முன்னால் ஒரு கார் போகும்போது என் கார் திரும்ப மாட்டேன் என்கிறதே?

அவர் கலக்கிவிட்ட காற்றில் உங்கள் ஸ்ப்ளிட்டருக்கு வேலை இல்லை. வேகமான வளைவில் ஒட்டிப் போகாமல் அரைக் கார் அகலம் தள்ளி மூக்கை வெளியே வையுங்கள், இல்லையென்றால் முன்கூட்டியே பிரேக்.

மழையில் விங்கைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். ஈரத்தில் பிடிப்பு எங்கிருந்து வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம், நேர்ப்பாதை வேகமும் குறைவு. ஆனால் தண்ணீர் மேல் டயர் மிதக்கும் வேகத்தை விங் பெரிதாக ஒன்றும் தள்ளிப்போடாது.

என்னிடம் இருப்பது ஒரு மாலை நேரமும் ஒரு ரோல் டேப்பும்தான். என்ன செய்யலாம்?

ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ஓட்டைகளை அடையுங்கள். கழன்று தொங்கும் அடித்தட்டுத் திருகுகளை எல்லாம் திரும்பப் போடுங்கள், ஆயில் மாற்றிய கடையில் பாதியைத் திருப்பி மாட்டியிருக்கவே மாட்டார்கள். மிச்ச டேப்பில் பின் கண்ணாடி முழுக்க நூலை ஒட்டி, பின்னால் வரும் நண்பரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். விங் வாங்குவதற்கு முன் அந்தப் படத்தைப் பாருங்கள்.